கண்டுபிடிக்கிறதுக்கும் கூலி குடுங்க சாமி! (பழைய ஜெர்மன் கார் புராணம்)

முதல்லயே சொல்லிடறேன். பழைய ஜெர்மன் கார் வாங்கறவன் எல்லாம் பைத்தியக்காரன்னு நினைக்கிறவங்களுக்கும் இதுல தீனி இருக்கு. அது மாதிரி வண்டி உலகத்துலயே கிடையாதுன்னு சாமியாடறவங்களுக்கும் இருக்கு. ரெண்டு கோஷ்டியும் கடைசியில என்னைத் திட்டத்தான் போறீங்க. பரவாயில்லை :-)

என் கட்சி இதுதான். பழைய ஜெர்மன் செடான் நம்மளை ஓட்டாண்டி ஆக்கறதில்லை. அதுக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்காமலே பார்ட்ஸ் மாத்தற பழக்கம்தான் ஓட்டாண்டி ஆக்குது. அதுக்கு மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம காசே குடுக்கறதில்லை. மாத்தற வேலைக்கு மட்டும்தான் குடுக்கறோம். அப்புறம் அவர் மாத்தாம என்ன பண்ணுவார்?

இந்த ஆசை எங்கே இருந்து வருதுன்னு பார்ப்போம். எங்க மாங்காடு, குன்றத்தூர், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி பக்கம் நிறைய குடும்பத்துக்கு வண்டித் தொழில்தான் சோறு போடுது. இருங்காட்டுக்கோட்டையில 1998ல இருந்து ஹூண்டாய். ஒரகடத்துல 2012ல இருந்து பாரத்பென்ஸ் லாரி. பாடியிலயும் அம்பத்தூர் எஸ்டேட்லயும் பிரேக், வீல், ஸ்டார்ட்டர் மோட்டார்னு ஊருக்கே பார்ட்ஸ் செய்யறாங்க. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல மகிந்திரா வேர்ல்டு சிட்டியில 2007 மார்ச்ல பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தாங்க. அதாவது 3 சீரிஸ் காரை நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துலயே பூட்டி வெளியே அனுப்பினாங்க. அன்னைக்கு அதை கம்பெனி பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தவனுக்கு, பதினைஞ்சு வருஷம் கழிச்சு அதே மாடல் ஒரு புது சின்னக் காரோட விலைக்குள்ள கிடைக்குதுன்னா கை அரிக்குமா, அரிக்காதா?

அரிக்கும். நிறைய பேருக்கு அரிச்சிருக்கு. எங்க ஏரியா தெருக்கள்ல உறை போட்டு மூடி, டயர்ல காத்து இறங்கி, மேல வேப்பம்பூவும் காக்கா எச்சமுமா நிக்கிற கார்களை எண்ணிப் பாருங்க. அதுல சிலதோட உறையைத் தூக்கினா நாலு வளையமோ, மூணு முனை நட்சத்திரமோ தெரியும். வித்தா விலை போகாது, ஓட்டினா பயம். வீட்டுல தினம் ஒரு பஞ்சாயத்து.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். ஜெர்மன் எஞ்சின் நம்ம மெக்கானிக்குகளுக்குப் புதுசு இல்லை. டெம்போ ட்ராக்ஸ், ட்ராவலர் வண்டிகள்ல பல வருஷம் ஓடினது மெர்சிடிஸோட ஓ.எம்.616 டீசல் எஞ்சின்தான். லைசன்ஸ் வாங்கி இங்கேயே செஞ்சாங்க. ஜெர்மனியில 240டி காருக்குள்ள உட்கார்ந்திருந்த அதே எஞ்சின் குடும்பம். அதைச் சபரிமலைக்கும் திருப்பதிக்கும் ஓட்டி, ரோட்டோரப் பட்டறையிலயே பிரிச்சுப் போட்டு, திரும்பப் பூட்டின ஊர் இது. யாரும் "ஐயோ ஜெர்மன்"னு பயப்படலை. ஏன்னா அது முழுக்க இரும்பு. சத்தத்தைக் கேட்டே "டேப்பட் அடிக்குது", "பம்ப்பு பார்க்கணும்"னு சொல்லிடலாம். காது வைத்தியம்!

1995ல மெர்சிடிஸ் டபிள்யூ124 புனேயில பூட்ட ஆரம்பிச்சாங்க. 1996ல குஜராத் ஹாலோல்ல இருந்து ஓப்பல் ஆஸ்ட்ரா வந்துச்சு. 2006ல ஓப்பல்ங்கற பேரையே இந்தியாவுல மூட்டை கட்டிட்டாங்க. 2017ல ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே கார் விக்கறதையே நிறுத்திடுச்சு. அந்த ஹாலோல் ஆலையில இன்னைக்கு எம்.ஜி. கார் செய்யறாங்க. ஆஸ்ட்ரா வெச்சிருந்தவங்க அப்பா அம்மா இல்லாத பிள்ளைய வளர்க்கற மாதிரி வளர்த்தாங்க. 2008ல ஜெட்டா. 2010ல ஃபோக்ஸ்வேகன் வென்ட்டோ. புனே பக்கத்துல சக்கன்ல செஞ்சு, 2022ல விர்ட்டஸ் வர்ற வரைக்கும் வித்தாங்க. இன்னைக்கு "கம்மி விலையில பழைய ஜெர்மன் செடான்"னு நம்ம ஊர்ல தேடினா முக்கால்வாசி இதுதான் வந்து நிக்கும். பன்னெண்டு வருஷம் இங்கேயே செஞ்ச வண்டிங்கறதால ஸ்பேர் பத்திப் பெரிசா பயம் இல்லை.

இரும்பு வண்டிக்கும் இந்த வண்டிக்கும் நடுவுல ஒரு விஷயம் மாறிடுச்சு. கண்ட்ரோல் யூனிட், சென்சார், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ரெட்டை ஒயர். இங்கே காது வைத்தியம் பாதிதான் வேலை செய்யும். மீதிக்கு அளந்து பார்க்கணும். நம்ம பட்டறைப் பழக்கமும் நம்ம பர்ஸ் பழக்கமும் இன்னும் காது காலத்துலயே நிக்குது. தொல்லை அங்கேதான்.

என் வண்டிக்கு வயசு பதினாலு. ரெண்டே கால் லட்சத்துக்கு வாங்கினது. பிராண்டு பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா பேச்சு வண்டியை விட்டுட்டு லோகோவுக்குப் போயிடும். போன மழைக்காலத்துல ஒரு நாள் சென்ட்ரல் லாக் தானா திறக்குது, தானா மூடுது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாரன் வேற. தெருவே எழுந்து வந்து பார்த்துச்சு. ஒரு இடத்துல காட்டினதுக்கு, "கண்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு, 42,000 ஆகும்"னு கோட்டேஷன் குடுத்துட்டாங்க. ஸ்கேனர்ல அந்த மாட்யூல் பேர்ல கோடு வந்ததாம். அவ்ளோதான் சோதனை.

வேற ஒரு பட்டறைக்காரர்கிட்ட போய், "எதையும் மாத்த வேணாம், என்ன காரணம்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுக்கு என்ன கூலியோ குடுத்துடறேன்"னு சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் அரை நாள் உட்கார்ந்தார். டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கினா கீழே ஸ்பான்ஞ்சு சொதசொதன்னு ஈரம். முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் ஓரமா ஒரு பள்ளம் இருக்கும். மழைத் தண்ணி அங்கே விழுந்து ரெண்டு ஓட்டை வழியா கீழே இறங்கணும். அந்த ஓட்டை முழுக்க வேப்பிலை மக்கி அடைச்சிருந்துச்சு. தண்ணி நிறைஞ்சு உள்ளே வழிஞ்சு, ஒரு ஒயர் கனெக்டர்ல பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தது. ஓட்டையைக் குத்தி விட்டார். கனெக்டரைக் கழுவிக் காய வெச்சார். 1,500 ரூபா.

தங்கமணி கேட்டாங்க: "ஒண்ணுமே மாத்தலையே, அப்புறம் எதுக்கு 1,500?"

இந்தக் கேள்விதாங்க இந்தப் பதிவே. ஒண்ணும் மாத்தலைங்கறதுக்குத்தான் 1,500. மாத்தியிருந்தா 42,000. அடுத்த மழைக்குப் புது மாட்யூலும் நனைஞ்சிருக்கும்.

அந்தப் பட்டறைக்காரர் சொன்னதையும் கேளுங்க. "சார், மூணு மணி நேரம் ஒயரைத் தேடி ஒரே ஒரு அறுந்த இடத்தை ஒட்டிக் குடுத்தா, 'ஒரு ஒயருக்கு 800 ரூபாயா'ன்னு சண்டைக்கு வர்றாங்க. அதே ஆள், 12,000க்கு சென்சார் மாத்தினேன்னு சொன்னா பேசாம ஜிபே பண்ணிட்டுப் போறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

நியாயம்தானே? டாக்டர்கிட்ட போனா மாத்திரையே எழுதலைன்னாலும் கன்சல்டிங் ஃபீஸ் வெச்சுட்டுத்தான் வர்றோம். வக்கீல்கிட்ட வாய் பேச்சுக்கே காசு. கிரீஸ் கை ஆளுக்கு மட்டும் மூளைக்குக் கூலி கிடையாது, ஸ்பேனருக்குத்தான் கூலி. நாமளே இப்படி ஒரு ஏற்பாட்டை வெச்சுக்கிட்டு, "மெக்கானிக் எல்லாம் ஏமாத்தறாங்க"ன்னு புலம்பறோம். ஏமாத்தறவங்க இல்லைன்னு சொல்லலை. நேர்மையா இருக்கிறவனுக்கு நஷ்டம் வர்ற மாதிரி நாம நடந்துக்கறோம்னு சொல்றேன்.

அளந்து பார்க்கறதுன்னா என்னன்னு மூணு உதாரணம் தர்றேன். பொட்டி தட்டறவங்களுக்குச் சுலபமா புரியும். பிழைத் திருத்தம் பண்ற மாதிரியேதான்.

முதல் விஷயம், பேட்டரி. டாஷ்போர்டுல ஒரே நேரத்துல ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங்னு கிறிஸ்துமஸ் மரம் மாதிரி லைட் எரிஞ்சா, எல்லாம் ஒண்ணாப் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஸ்டார்ட் பண்றப்ப வோல்டேஜ் ரொம்ப விழுந்தா ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டும் தனித்தனியா புகார் எழுதி வெச்சிடும். பத்து புகார், காரணம் ஒண்ணு. ஜெர்மனியோட கார் சங்கம் ஏ.டி.ஏ.சி., 1903ல ஆரம்பிச்சது, வருஷா வருஷம் ரோட்டுல நின்னு போற வண்டிகளோட கணக்கை வெளியிடுது. அதுல நாப்பது சதவீதத்துக்கு மேல குற்றவாளி பன்னெண்டு வோல்ட் பேட்டரிதான். ஜெர்மன்காரன் ஊர்லயே இந்த நிலைமைன்னா, மாங்காட்டு மே மாச வெயில்ல?

முந்நூறு, நானூறு ரூபா மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும். 12.2ன்னா பாதி காலி. ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்குக் கீழே போகக்கூடாது. எஞ்சின் ஓடறப்ப பொதுவா 13.8ல இருந்து 14.5 வரை. இது சரியா இருந்தும் தகராறுன்னா, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை எஞ்சின் இரும்புலயும் வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயர்ல கோளாறு. ஒயர் விலை சில நூறு. இந்த ரெண்டு நிமிஷ வேலை பண்ணாம ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்தினவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர்.

ரெண்டாவது, செக் எஞ்சின் லைட். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். ப்ளூடூத் ரீடர் ஒண்ணைச் சொருகினா செல்போன்லயே கோடு தெரியும். இங்கேதான் பெரிய ஏமாற்றம் ஆரம்பிக்குது. கோடுங்கறது நோயோட பேர் இல்லை, நோயாளி சொல்ற புகார். "வயித்து வலி"ன்னு சொன்னா உடனே வயித்தை மாத்த முடியுமா?

எதிர் வீட்டு அண்ணனோட பெட்ரோல் வண்டியில பி0171னு வந்துச்சு. காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். ஆக்ஸிஜன் சென்சார்தான் இதைச் சொன்னதுன்னு அதையே மாத்தினாங்க, 9,000. சேதி கொண்டு வந்தவனை அடிச்ச கதை! நாலு நாள்ல லைட் திரும்ப வந்தது. அடுத்து ஏர்ஃப்ளோ மீட்டர், 14,000. திரும்ப லைட். அடுத்து ஃபியூவல் பம்ப்புன்னாங்க. அண்ணன் உறை வாங்கப் போயிட்டார்.

கோடைப் பார்க்காம, அதே ரீடர்ல ஓடற எண்ணைப் பார்த்தோம். ஃபியூவல் ட்ரிம்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் எவ்வளவு சதவீதம் கூடுதலா பெட்ரோல் ஊத்திச் சமாளிக்குதுங்கற கணக்கு. சும்மா நின்னு ஓடறப்ப கூடுதல் 22 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு 2,500 சுத்துல வெச்சா வெறும் 4. இதுலயே பதில் இருக்கு. எங்கேயோ ஓட்டை வழியா காத்து உள்ளே போகுது. எஞ்சின் மெதுவா ஓடறப்ப உள்ளே உறிஞ்சற விசை ஜாஸ்தி, மொத்தக் காத்து கம்மி, அதனால ஓட்டைக் காத்து பெரிய பங்கு. வேகமா ஓடறப்ப மொத்தக் காத்தோட அளவுல அது சின்ன பங்கு. பெட்ரோல் பம்ப்பு வீக்னா இது தலைகீழா இருக்கும், மிதிக்க மிதிக்க மோசமாகும். புகை விட்டுப் பார்த்ததுல எஞ்சின் மூச்சு விடற ஒரு ரப்பர் ஹோஸ்ல வெடிப்பு. ஹோஸ் 700 ரூபா. சேர்த்துச் செலவு பண்ணது 23,700, தேவைப்பட்டது 700.

இதுல இன்னொரு சேதியும் இருக்கு. இப்ப பங்க்ல ஊத்தறது இ20, இருபது சதவீதம் எத்தனால். 2025ல நாடு முழுக்க இதுதான்னு ஆயிடுச்சு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கறதால அதே அளவு காத்துக்குக் கொஞ்சம் கூடுதலா எரிபொருள் ஊத்தணும். பழைய வண்டியோட கம்ப்யூட்டர் இதைச் சமாளிக்க ஏற்கனவே சில சதவீதம் ஏத்தித்தான் ஓடிட்டிருக்கு. அதோட ஒரு சின்ன ரப்பர் வெடிப்பும் சேர்ந்தா எல்லைக்கோட்டைத் தாண்டி லைட் எரியும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த வண்டி"ன்னு சொல்றவங்க இதையும் மனசுல வெச்சுக்கங்க.

மூணாவது, சூடு. நிறைய ஃபோக்ஸ்வேகன் வண்டிகள்ல டெம்பரேச்சர் முள்ளு 90லயே நிக்கும். பார்த்து சந்தோஷப்படாதீங்க. சுமாரா 75ல இருந்து 105 வரை எதுவா இருந்தாலும் 90னு காட்டற மாதிரிதான் அதை வெச்சிருக்காங்க, ஓட்டறவர் பயப்படக்கூடாதுன்னு. பி.எம்.டபிள்யூ. ஈ90 மாடல்ல கூலன்ட் முள்ளே கிடையாது! நிஜ எண் வேணும்னா ரீடர்ல பார்க்கணும். போரூர் பூந்தமல்லி ரோட்டுல மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல ஊர்ந்து போறப்ப 90ல இருந்த முள்ளுக்குப் பின்னாடி நிஜமா 104 இருந்ததை நான் பார்த்திருக்கேன். ஃபேன் சுத்துதா, தெர்மோஸ்டாட் திறக்குதா, கூலன்ட் அளவு குறையுதா, இந்த மூணையும் பார்க்காம ஹெட் கேஸ்கட்டுன்னு பிரிக்க ஆரம்பிக்கக்கூடாது. தயவுசெஞ்சு போர்வெல் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க. எங்க ஊர்த் தண்ணி பக்கெட்டுலயே வெள்ளைப் படலம் கட்டும். அலுமினிய எஞ்சினுக்குள்ள என்ன பண்ணும்?

"எல்லாமே சின்ன விஷயம்தான்னு சொல்ல வர்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லை. சில வியாதி நிஜமாவே பெரிசு. பி.எம்.டபிள்யூ.வோட என்47 டீசல் எஞ்சின்ல டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. அது தேய்ஞ்சு சத்தம் போட ஆரம்பிச்சா கியர்பாக்ஸைக் கழட்டாம கையே வைக்க முடியாது. ஃபோக்ஸ்வேகனோட ஏழு கியர் டி.எஸ்.ஜி., உலர் கிளட்ச் வெச்சது, ஊர்ந்து போற ட்ராஃபிக்ல சூடாகும். 2013 நவம்பர்ல அந்த கியர்பாக்ஸுக்காக உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. எதுக்குத் தெரியுமா? சிந்தெடிக் எண்ணெயை எடுத்துட்டு மினரல் எண்ணெய் ஊத்த. அந்த எண்ணெயால உள்ளே மின்கோளாறு வரலாம்னு கண்டுபிடிச்சாங்க. தெரிஞ்சது கரண்ட் கோளாறு, காரணம் எண்ணெய். கம்பெனிக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அளக்கறதோட பெருமைக்கு இதைவிடப் பெரிய கதை ஒண்ணு இருக்கு. அதுல நம்ம சென்னைக்காரர் ஒருத்தரும் இருக்கார். அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல டேன் கார்டர் தலைமையில ஒரு சின்னக் குழு. அதுல சென்னையில இருந்து போன அரவிந்த் திருவேங்கடம், பெங்களூருல இருந்து போன ஹேமந்த் கப்பண்ணா, சுவிட்சர்லாந்துக்காரர் மார்க் பெஷ். 2013ல மூணு ஜெர்மன் டீசல் வண்டிகளை எடுத்து, புகை அளக்கற கருவியை டிக்கியில கட்டிக்கிட்டு நிஜ ரோட்டுல ஓட்டினாங்க. பஸாட்டை லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சியாட்டில் வரைக்கும் கொண்டு போனாங்க. சோதனைக் கூடத்துல யோக்கியமா இருந்த ஜெட்டா, ரோட்டுல நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்பை விட 15ல இருந்து 35 மடங்கு கக்குச்சு. பஸாட் 5ல இருந்து 20 மடங்கு. மூணாவதா இருந்த பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் வரம்புக்குள்ள இருந்தது. 2014ல அறிக்கை வந்தது, 2015 செப்டம்பர்ல அமெரிக்க அரசு பகிரங்கமா குற்றம் சாட்டுச்சு. சோதனை நடக்குதுன்னு தெரிஞ்சா நல்ல பிள்ளையா நடிக்கிற மென்பொருளை வண்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. அந்த வருஷக் கடைசியில இந்தியாவுலயும் மூணு லட்சத்துக்கும் மேல வண்டிகளைத் திரும்பக் கூப்பிடறதா சொன்னாங்க.

உலகத்துல எத்தனையோ ஆபீசுங்க அந்த வண்டிகளுக்கு சர்டிபிகேட் குடுத்திருந்தன. கம்ப்யூட்டர் சொன்னதை நம்பினாங்க. ஒரு சின்னக் குழு மட்டும் "நாமளே அளந்து பார்ப்போம்"னு கிளம்புச்சு. மாங்காட்டுப் பட்டறையில ஸ்கேனர் கோடைத் தாண்டி மல்டிமீட்டரைக் கையில எடுக்கிற மெக்கானிக் பண்றதும் அதே வேலைதான். அளவு சின்னது, அவ்ளோதான்.

சரி, இதுல என்ன பெரிய நஷ்டம், வித்துட்டு மாருதி வாங்கிட்டுப் போலாமேன்னு கேக்கறவங்களுக்கு: தாராளமா. காலையில சாவி போட்டா ஓடணும், பானெட்டையே திறக்கக்கூடாதுன்னு நினைக்கிறவங்க பழைய ஜெர்மன் வண்டிப் பக்கமே வராதீங்க. வீட்டுல ஒரே வண்டி, பிள்ளை ஸ்கூலுக்கும் அப்பா ஆஸ்பத்திரிக்கும் அதுதான்னா நிச்சயமா வேணாம். கையில இருக்கற மொத்தக் காசையும் வண்டி விலைக்கே குடுக்கறவங்களுக்கும் வேணாம். விலையில மூணுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் வாங்கணும்.

ஆனா ஏற்கனவே வாங்கினவங்களுக்கு நிஜமாவே நஷ்டம் இருக்கு. 2010ல வந்த முதல் வென்ட்டோக்களுக்கு 2025லயே பதினைஞ்சு வயசு ஆயிடுச்சு. பதினைஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல இருந்து 600ல இருந்து 5,000 ஆக்கினாங்க. இருபது வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கினாங்க. அதோட தகுதிச் சோதனை வேற. சரியா கண்டுபிடிச்சு 700 ரூபாயில முடிய வேண்டிய வண்டி, தப்பான வைத்தியத்துல 23,000 சாப்பிட்டுட்டு, "இனி இதுக்கு ஆர்.சி. வேற கட்டணுமா"ன்னு காயலான் கடைக்குப் போகுது. நல்ல இரும்பு, நல்ல எஞ்சின், அதை வாங்க ஒரு குடும்பம் மூணு வருஷம் சேர்த்த காசு, எல்லாம் எடைக்குப் போகுது. பழசாச்சுன்னு போனாப் பரவாயில்லைங்க. புரியலைன்னு போகுது. அதுதான் வயித்தெரிச்சல்.

என்ன பண்ணலாம்? எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.

1. பட்டறைக்குப் போனதும் "எவ்ளோ ஆகும்"னு கேக்காதீங்க. "கண்டுபிடிக்க எவ்ளோ"ன்னு கேளுங்க. அதை முன்கூட்டியே பேசி, எதுவும் மாத்தலைன்னாலும் குடுத்துடுங்க. ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு பேசிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி.

2. ஒரு பார்ட்டை மாத்தணும்னு சொன்னா, "அது கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு மரியாதையா கேளுங்க. எண்ணோ, போட்டோவோ பதிலா வந்தா சரி. "இந்த மாடல்ல இதாங்க போகும்"னு வந்தா காசைப் பாக்கெட்லயே வெச்சுக்கங்க.

3. கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. அது உங்களோடது.

4. தகராறு எப்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. காலையிலயா, மழையிலயா, ஏசி போட்டாலா, டேங்க் நிரப்பின அன்னைக்கா? அந்த ஒரு பக்கம் மெக்கானிக்குக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம். "சார், அப்பப்ப வருது"ங்கறதை வெச்சு யாராலயும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

5. ரெண்டு விஷயத்தை ஒரே நாள்ல மாத்தாதீங்க. சரியாச்சுன்னா எதுனால சரியாச்சுன்னு தெரியாது. ஆகலைன்னா எது புதுசா கெடுத்துச்சுன்னும் தெரியாது.

மெக்கானிக் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரங்க ஒயரிங் படத்தையும் சர்வீஸ் விவரத்தையும் சுலபமா வெளியே குடுக்கறதில்லைங்கற உங்க கோபம் நியாயமானது. ஐரோப்பாவுல 2007லயே சட்டம் போட்டு, வெளிப் பட்டறைகளுக்கும் அந்த விவரத்தைக் குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தாங்க, அதுல வாகனங்களும் ஒரு பிரிவு. போக வேண்டிய தூரம் நிறைய. ஆனா "செக்கிங் சார்ஜ் 500"னு ஒரு போர்டு எழுதி மாட்டறதுக்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. மாட்டுங்க. முதல் மாசம் நாலு பேர் முணுமுணுப்பாங்க. அஞ்சாவது ஆள் திரும்பி வருவார், கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு.

சரிங்க, மேகம் மூட்டமா இருக்கு. போய் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வேப்பிலையை அள்ளணும். வர்ட்டா...